பழைய வண்டிதான் வேணும்

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அன்றுகூட ஏகாம்பரம் இப்படிக் கலங்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விற்றுவிட்ட பழைய காரையே சுற்றிச் சுற்றி வந்தார்.

காரை ஓட்டிப் போக மெட்ராஸிலிருந்து வந்திருந்த புரோக்கர் முனிரத்தினம், எப்போதடா விடுவார் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க முனிரத்தினம், இங்கிலீஷ்காரன் செஞ்ச வண்டி. லாம்பு ரெண்டும் எப்பிடித் தனியா, கம்பீரமா நிக்குது! மட்கார்டு பாருங்க, இன்னா ஒரு வளைவு! ஹாரனை அமுக்கினா உத்திரமேரூருக்கே கேக்கும்."

"ஆமாங்க சார்."

"இதோ கீதே புதுசு..." ஏகாம்பரம், மாலையும் சந்தனமுமாக நின்ற புதுக் காரைக் காட்டினார். "எல்லாத்தையும் உருட்டி மழுக்கி, கரைஞ்சிபோன சோப்புக்கட்டி மாதிரி பண்ணி வெச்சிருக்கான். லாம்பைக்கூட உடம்புக்குள்ள பதிச்சிட்டான். இதுக்கு ஒரு மூஞ்சி கீதா, நீங்களே சொல்லுங்க?"

"அப்புறம் ஏன் சார் வாங்கினீங்க?"

"பழசுக்குச் சாமான் எங்க கெடைக்குது? போன மாசம் நட்டநடு ரோட்டுல நின்னுட்டுது. வூட்டுல தெனம் ஒரே பேஜார். இன்னா பண்றது?"

முனிரத்தினம் வண்டியைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலைக் கையில் எடுத்தார். ஏகாம்பரம் விடவில்லை.

"இது வெறும் வண்டி இல்லீங்க. எத்தினி உசுரக் காப்பாத்தியிருக்குது தெரியுமா? இந்த மானாம்பதியில யாருக்கு ஒடம்பு முடியலன்னாலும் நான்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவேன். ஊரு, சேரின்னு நான் பாக்கறதே இல்ல."

"பெரிய மனசு சார் உங்களுக்கு."

அது உண்மைதான். யார் வந்து கூப்பிட்டாலும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுப்பவர் அவர். அதைத் தானே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வார் என்பதைத் தவிர, மனுஷனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முனிரத்தினம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. அவர் ஏறி உட்காரப் போன நேரத்தில் பாக்கியமேரி தலைதெறிக்க ஓடி வந்தாள். சேரியிலிருந்து ஏகாம்பரத்தின் நிலத்துக்கு நடவுக்கும் அறுப்புக்கும் வருகிறவள்.

"ஆண்டே! எம் பொண்ணு மலர்க்கொடிக்கு வலி கண்டுட்டுது ஆண்டே. தலைச்சன். புள்ள குறுக்கால கீதாம். இங்க ஆவாது, காஞ்சீபுரத்துக்குக் கொண்டு போயிடுன்னு மருத்துவச்சி கையை விரிச்சிட்டா. நீங்கதான் காப்பாத்தணும்."

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டார். "பொண்ணு எங்க?"

"இட்டுக்கினு வந்துட்டோம். அதோ, புளியமரத்தாண்ட கீது."

மரத்தடியில் மலர்க்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றாள். அவள் அப்பன் சின்னப்பையன் தாங்கிப் பிடித்திருந்தான்.

"சீக்கிரம் வரச் சொல்லு" என்று ஏகாம்பரம் புது வண்டியின் சாவியை எடுத்தார்.

பாக்கியமேரி நகரவில்லை. புது வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

"ஆண்டே... பழைய வண்டியில போலாமா?"

"அது வித்தாச்சி. இது புதுசு, குலுங்காம போவும்."

"வேணாம் ஆண்டே. பழசுதான் வேணும். அத்த அனுப்பிடாதீங்க. இன்னிக்கு ஒரு நாளு வெச்சிருங்க."

முனிரத்தினம் சிரித்துவிட்டார். "உங்களுக்கு ஜோடியா ஒரு ஆளு கெடைச்சிட்டாங்க சார். அவங்களுக்கும் பழைய மாடல்தான் புடிக்குதாம்."

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. புளியமரத்தடியிலிருந்து "யம்மா" என்று ஓர் அலறல் கேட்டது. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொண்ணு அங்க துடிக்குது, உனுக்கு வண்டியோட அழகு கேக்குதா? நீயெல்லாம் ஒரு தாயா?"

முனிரத்தினத்துக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. என்ன பெண்பிள்ளை இவள்!

"எனுக்கு அழகு இன்னாத்துக்கு ஆண்டே?" பாக்கியமேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பின்ன இன்னா? போன வருசம் உன் வூட்டுக்காரனைப் பாம்பு கடிச்சப்ப நான் இட்டுக்கினு போனேனா, இல்லியா? அதே மாதிரி உம் பொண்ணையும் இட்டுக்கினு போறேன். ஏறச் சொல்லு!"

"இட்டுக்கினு போனீங்க ஆண்டே. உங்க புண்ணியத்துல பொழைச்சி வந்தாரு." பாக்கியமேரி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்த வண்டிக்கு வெளிய, கதவுக்குக் கீழ, கால் வெக்கப் பலகை கீது. நானும் எந் தம்பியும் ரெண்டு பக்கமும் அணைச்சிப் புடிச்சிக்கினு, காஞ்சீபுரம் வரிக்கும் அவர நிக்க வெச்சே கொண்டு போனோம். இதுல பலகை இல்லியே ஆண்டே... எம் பொண்ணு எங்க நிக்கும்?"