திரும்ப எடுத்த படங்கள்

“ரெண்டாம் நம்பர் யாரு பியூலா? பேரைச் சொல்லுங்க.”

டாக்டர் சம்பத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கூட்ட அறை. மதியம் இரண்டு மணி. திரையில் நான்கு நீலத் தூண்கள் நின்றன. மூன்று குட்டை. ஒன்று மட்டும் நெட்டை.

எக்ஸ்ரே பிரிவில் சம்பத்துக்குக் கீழே படம் எடுப்பவர்கள் பியூலாவையும் சேர்த்து நான்கு பேர். மூன்று மாதத்தில் ஒவ்வொருவரும் எத்தனை படங்களை, சரியாக விழாததால், திரும்ப எடுத்தார்கள் என்பதுதான் பியூலாவின் ஆராய்ச்சி. திரும்ப எடுக்கும் ஒவ்வொரு முறையும் நோயாளியின் உடம்பில் தேவையில்லாத கதிர் பாய்கிறது. அதைக் குறைக்க வழி தேட வேண்டும் என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

பொத்தான் அழுத்துகிறவர்களுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று அப்போது சிரித்தவர்தான் சம்பத். இப்போது சிரிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு மாநாட்டில் பியூலா கட்டுரை படிக்க வேண்டும். அந்த மருத்துவமனையில் டாக்டர் அல்லாத ஒருவர் தன் பெயரில் கட்டுரை படிப்பது இதுவே முதல் தடவை. அனுமதிக் கடிதம் சம்பத்தின் முன்னால், கையெழுத்துக்காகக் கிடந்தது.

பெயர்களை அவள் எங்கேயும் போடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்கள்தான். யாருடைய எண்ணையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் எந்த எண் மறைந்துவிடும்?

“அண்ணா, நாவலூர் அபார்ட்மென்ட் மாதிரி உங்களுதுதான் உசரமா கீது,” என்று பின்வரிசையில் ஸ்டெபின் கிசுகிசுத்தான். எக்ஸ்ரே பிரிவில் வயதில் சின்னவன் அவன்.

அவன் சொன்னது குப்புராஜிடம். ஐம்பதைத் தாண்டிய மனிதர். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, திரையை விட்டுவிட்டுச் சுவரில் இருந்த ஃபேன் ரெகுலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதும் விடுவதும் சம்பத்தின் கையில்.

நெட்டைத் தூணின் எண்ணிக்கை அறுபத்து நான்கு. மற்றவர்கள் பத்து, பன்னிரண்டு. மூன்றாம் எண் ஒன்பதே ஒன்பது.

மூன்றாம் எண்ணைச் சம்பத் ஏற்கெனவே வாயாரப் பாராட்டிவிட்டார். யாராக இருந்தாலும் சரி, இனி புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவருக்குத்தான் என்றார். இரண்டாம் எண்ணுக்கு எக்ஸ்ரே அறையில் இனி இடமில்லை என்றார். பெயர் வந்தால்தான் கையெழுத்து.

ஆராய்ச்சி தொடங்கிய அன்று குப்புராஜ் அவளிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். படம் கெட்டுப்போனால், யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிட்டு இன்னொன்று எடுப்பதுதான் அந்த அறையின் வழக்கம். எல்லோரும் அப்படித்தான். இனிமேல் கெட்டதையும் வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் அண்ணா, ஒன்றைக்கூட அழிக்கக் கூடாது, அழித்தால் ஆராய்ச்சியே பொய் என்றாள் அவள்.

சரிம்மா என்று போய்விட்டார்.

பியூலாவின் கை மவுஸின் மேல் இருந்தது. கூட்டத்துக்கென்று அவள் தயார் செய்தவை ஒன்பது பக்கங்கள். ஒன்பதாவதைக் காலையில், கீழ்க்கட்டளையில் பஸ் ஏறுவதற்கு முன்பே மறைத்து வைத்துவிட்டாள். எட்டோடு நிறுத்திக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னால் மாநாடு உண்டு. கட்டுரையும் உண்டு.

சம்பத் பேனா மூடியைத் திறந்து காத்திருந்தார்.

அவள் ஒன்பதாவதைத் திறந்தாள்.

படத்தை அழித்துவிடலாம். கதிர் பாய்ந்ததை அழிக்க முடியாது. யார் எத்தனை தடவை பொத்தானை அழுத்தினார்கள் என்று இயந்திரம் தனக்குள் குறித்துக்கொண்டே இருக்கும். கம்பெனி இன்ஜினியர் போன வாரம்தான் அந்தப் பட்டியலை எடுத்துக் கொடுத்திருந்தார்.

திரையில் புதிய தூண்கள் எழுந்தன. இந்த முறை, அழிக்கப்பட்ட படங்கள்.

ஒன்றாம் எண், முப்பத்தெட்டு. நான்காம் எண், நாற்பத்தொன்று. மூன்றாம் எண், எழுபத்தொன்று.

இரண்டாம் எண்ணுக்கு நேரே தூணே இல்லை.

ஸ்டெபின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சரிந்தான்.

சம்பத் எழுந்து திரைக்கு அருகே போனார். ஒன்பதையும் எழுபத்தொன்றையும் வாய்க்குள் கூட்டிப் பார்த்தார். எண்பது. தான் துரத்த நினைத்த ஆளைவிடப் பதினாறு அதிகம். மூன்றாம் தூணின் உச்சியில் பேனாவை வைத்து, இது யார் என்று கேட்டார். குரல் உயரவில்லை.

“மத்தவங்க நம்பரைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல சார்,” என்றாள் பியூலா. “மூணாம் நம்பரை மட்டும் சொல்லலாம். அது நான்தான். அழிச்சதுல முதல் பத்து, கைப்பழக்கம். பாக்கி, தெரிஞ்சேதான்.”