திங்கள், புதன், வெள்ளி

"இது ஏன் திறக்க மாட்டேங்குதுன்னு எழுதிக் கொடுத்துட்டுத்தான் இன்னைக்கு நீங்க படி இறங்கணும்" என்றார் மேலாளர். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமலே மிரட்டத் தெரிந்தவர். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஒன்பது மணி' என்று பெயர்.

டெக்னீஷியன் முன்மேசைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறிய மூச்சே இன்னும் அடங்கவில்லை. இந்த ஒரு பழுதுக்காக அவன் வருவது இது ஏழாவது தடவை.

கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியின் கிளை அது. வரைபடங்கள் எல்லாம் உள்ளறை சர்வரில் ஒரு பொது ஃபோல்டரில் கிடக்கும். முன்மேசைக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, வருகிறவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். சில காலைகளில் மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் 'அனுமதி இல்லை' என்று வந்து நிற்கும். அவன் மற்ற வேலைகளை முடித்துக்கொண்டு பதினொன்றரைக்கு வந்து பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல் திறந்துகொள்ளும். இன்று விடுவதில்லை என்று ஒன்பதரைக்கே வந்துவிட்டான்.

செட்டிங்கில் எதைத் தொடவும் பாஸ்வேர்டு வேண்டும். மேலாளரே குனிந்து, இடது கையால் மறைத்தபடி அதை அடித்துக் கொடுத்தார். வேறு யாருக்கும் அது தெரியாது, தெரியவும் கூடாது என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

கேபிளை மாற்றினான். சேமித்து வைத்திருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் அழித்துப் புதிதாகப் போட்டான். சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தான், இருக்கிறேன் என்றது. ஃபோல்டரைத் திற என்றால் மட்டும் ஆளையே தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எதிரே நாலைந்து பேர் வரைபடத்துக்காக நின்றார்கள். சைட்டில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாக ஒரு மேஸ்திரி முனகினார். அவர்களுக்குச் சமாதானம் சொல்லிச் சொல்லி முன்மேசை அம்மாவின் தொண்டை கட்டியிருந்தது. வந்ததிலிருந்து அவர் தோள்பையைக் கூட இறக்கவில்லை.

"எந்தெந்த நாள்ல இப்படி ஆகுதும்மா?" என்று கேட்டான்.

"திங்கள், புதன், வெள்ளி. நான் ஓடி வர்ற நாளாப் பார்த்துத்தான் இதுவும் மக்கர் பண்ணுது."

அந்த மூன்று நாளும் கணவருக்கு டயாலிசிஸாம். அவரை மையத்தில் படுக்க வைத்துவிட்டு அப்படியே ஓடி வருகிறார். சுவரில் இருந்த விரல்ரேகைப் பெட்டியைக் காட்டினார். இந்தக் கம்ப்யூட்டரோடு சேர்ந்தது. ஒன்பது மணிக்கு மேல் விரல் வைத்தால் தகவல் நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், மாதத்தில் மூன்று தடவை ஆனால் வேலை போய்விடும். எப்படியோ இதுவரை ஒரு தடவை கூட ஆகவில்லை, கடவுள் கண் திறந்திருக்கிறார் என்றார்.

அவன் திரையின் மூலையைப் பார்த்தான். மணி ஒன்பது இருபத்தைந்து. தன் செல்போனை எடுத்துப் பார்த்தான். ஒன்பது நாற்பது.

அப்படியே நாற்காலியில் சாய்ந்தான். ஏழு தடவை ஏறி இறங்கியதற்குக் காரணம் இதுதான். இந்தக் கம்ப்யூட்டரின் மணியும் சர்வரின் மணியும் ஒத்துப்போகாவிட்டால் சர்வர் யாரையும் உள்ளே விடாது. பதினோரு மணிவாக்கில் இதுவே இன்டர்நெட்டைப் பார்த்து மணியைத் திருத்திக்கொள்ளும், ஃபோல்டரும் திறந்துகொள்ளும். மணியைச் சரிசெய்துவிட்டு அழுத்தினான். வரைபடங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மேஸ்திரி பெருமூச்சு விட்டார்.

விரல்ரேகைப் பெட்டியும் இதன் மணியைத்தான் பார்க்கும். அதைப் பதினைந்து நிமிஷம் பின்னால் தள்ளியது யார் என்று தேடினால் கிடைக்கும். அவன் தேடவில்லை. எதிரே நிற்கிற அம்மாவைப் பார்த்தாலே போதுமே. பாஸ்வேர்டை எப்போதோ ஓரக்கண்ணால் பார்த்திருப்பார். மாமனாரை இரண்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவன் அவன். அந்த ஓட்டம் என்னவென்று அவனுக்குத் தெரியும். இனிமேல் மணியில் கை வைக்காதீங்கம்மா என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மேலாளர் அறைக்குப் போய், உள்ளே ஒரு சின்ன பேட்டரி வீக் ஆகிவிட்டது, அதனால் மணி பின்னால் போகிறது, மணி தப்பினால் ஃபோல்டர் திறக்காது, மாற்றிவிடுகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னான். அப்படியே காகிதத்திலும் எழுதி நீட்டினான்.

மேலாளர் காகிதத்தை வாங்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக முன்மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பொய் பிடிபட்டுவிட்டது, அந்த அம்மாவின் வேலை என் வாயாலேயே போகப் போகிறது என்று டெக்னீஷியன் நினைத்தான்.

"மணி தப்பினதாலதான் திறக்கலையா? நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

"எவ்வளவு நிமிஷம் வரைக்கும் தப்பலாம்?"

"அஞ்சு நிமிஷம் வரைக்கும் சர்வர் பொறுத்துக்கும் சார். அதுக்கு மேல விடாது."

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு வாரமாகத் தூங்காதவர் போலக் கண்களை அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

"அஞ்சு பத்தாதே தம்பி. அந்தம்மா பஸ் ஒன்பது பத்துக்குத்தான் வருது."