முடிகிறது

கணினி அறைக்குள் வந்த பள்ளி நிர்வாகி முதலில் பார்த்தது, திரையோரத்தில் ஓடிய செருப்பு விளம்பரத்தைத்தான்.

"ஓசியில கிடைக்கிறதுல என்னம்மா படிப்பு வரும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தட்டச்சுப் பயிற்சித் தளத்தை வைத்துத்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விளம்பரம் வரும். வந்துவிட்டுப் போகட்டும். விரலுக்கென்ன, அது விளம்பரத்தையா பார்க்கிறது?

நாளையிலிருந்து கணினி அறை வெளியார் நடத்தும் கட்டண வகுப்புக்காம். பணம் கட்டுகிறவர்கள் மட்டும் உட்காரலாமாம். என் பிள்ளைகளில் ஒருவருக்கும் அது ஆகிற காரியமில்லை.

நான் விடவில்லை. யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள், விசைகளைப் பார்க்காமலே தமிழ் அடிப்பார்கள், அடித்துவிட்டால் இந்த வகுப்பு தொடரட்டும் என்றேன். நடக்கவா போகிறது என்ற நினைப்பில் அவரும் சரி என்றுவிட்டார்.

வகுப்பை ஒரு நோட்டம் விட்டார். கடைசி வரிசையில் இருந்த ஊமைக்கோட்டானைப் பிடித்தார். பட்டப்பெயர் மற்ற பிள்ளைகள் வைத்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாய் திறக்காத பெண். வந்த புதிதில் குப்பையைக் கிளறும் கோழிபோல ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தவள்.

எங்கள் தளமே வேண்டாம் என்று அவரே வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கைகளுக்கு மேல் தன் கைக்குட்டையை விரித்து மூடினார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"வகுப்பு இன்றோடு முடிகிறது."

நடுவரிசையில் இரண்டு விசைகளுக்கு மட்டும் சின்ன மேடு உண்டு. கைக்குட்டைக்கடியில் அவளுடைய ஆள்காட்டி விரல்கள் தடவித் தடவி அவற்றில் போய் நின்றன. அப்புறம் படபடவென்று ஒரே ஓட்டம்.

நிர்வாகி திரையைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்று அதை வகுப்பை நோக்கித் திருப்பினார்.

vhdjjd siuxod kdos'qld

எங்கள் தளம் தானாகவே தமிழில் எழுதும். அவர் திறந்த பக்கத்தில் மொழியைத் தமிழுக்கு மாற்ற வேண்டும். மகானுபாவர் மாற்றவில்லை. விசைகள் சரி, எழுத்துதான் ஆங்கிலத்தில் விழுந்திருக்கிறது. இதை இவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

அதற்குள் வகுப்பில் ஏதோ சலசலப்பு. பிள்ளைகள் திரையைப் பார்த்தபடியே வெறும் மேசைமேல் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆங்கில எழுத்துக்கு எந்த விரல், அந்த விரலில் எந்தத் தமிழ் எழுத்து என்று.

முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நானும் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தேன்.

பிறகு எல்லோரும் சேர்ந்து உரக்கப் படித்தார்கள்.

"வகுப்பு இன்றோடு முடியாது."

ஊமைக்கோட்டான் கைக்குட்டையை நான்காக மடித்து நிர்வாகியிடம் நீட்டினாள்.

ஒரு சொல் பிசகினாலும் முழு வரியையும் திரும்ப அடிக்க வைக்கிறவள் நான். இதைத் திருத்தவில்லை. அடுத்த பயிற்சியைத் திறக்கச் சொன்னேன்.