மருந்து போன வழி

ஒரு விடுகதை. மருந்து குடித்துச் செத்தது ஓர் ஆடு. மருந்தில் விஷம் இல்லை. அளவும் கூடவில்லை. பின் எப்படிச் செத்தது?

விடை, கொட்டகைத் தரையில் கிடந்த செம்மறியின் கழுத்துக்குள் இருந்தது. டாக்டரம்மா கத்தியால் கீறி, விரலை விட்டுக் காட்டினார்.

“பாருங்க, உணவுக்குழாயில ஓட்டை. குடல்புழு மருந்து வயித்துக்கே போகலை. தோலுக்கு அடியில தேங்கி, சதை அழுகிடுச்சு.”

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். “நான் மருந்துக்கடைக்காரனையில்ல திட்டிக்கிட்டிருக்கேன்.”

“அவரை விடுங்க. மருந்து ஊத்துற பம்ப்போட இரும்பு மூக்கு குத்தியிருக்கு. கன்னத்து ஓரமா மெல்ல விடணும். கை கொஞ்சம் ஆடினாலும் கிழிச்சிடும்.”

“அந்தா, எச்சில் வடிய நிக்குதே, அது?”

“அதுக்கும் கழுத்து வீங்கியாச்சு. பிழைக்காது.”

முதலாளி திரும்பினார். கொட்டகையில் வேலைக்கு இருந்தது ஒரே ஒரு பெண். அவளும் எட்டு வயது மகளும் பின்பக்கத்து ஒற்றை அறையில் குடியிருந்தார்கள்.

“யார் கைம்மா இது? உன் கைன்னா இப்பவே சொல்லிடு. அறையைக் காலி பண்ணிட்டுக் கிளம்பு.”

அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் முன்னால் வந்தாள். எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நான்தான் சார்.”

“நீயா?”

“போன வாரம் அம்மா தண்ணி பிடிக்கப் போனப்போ நான் எடுத்து ஊத்தினேன். சும்மா, விளையாட்டுக்கு.”

“நெனச்சேன். தொட்டியில சோப்பைக் கரைச்சு அத்தனை ஆட்டுக்கும் வெள்ளை மீசை வச்சவதானே நீ. அது பத்தாதுன்னு கழுத்துல ஓட்டையும் போட்டுட்டியா?”

டாக்டரம்மா பம்ப்பை எடுத்து நீட்டினார். “எப்படிப் பிடிச்ச கண்ணு? காட்டு.”

வாலு பிடித்துக் காட்டினாள்.

“கை ஆடாம நிக்குதே,” என்றார் டாக்டரம்மா, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல.

“உங்க முன்னால நிக்கும் டாக்டர்.” முதலாளி பம்ப்பைப் பிடுங்கிக்கொண்டார். “இனிமே இதைத் தொட்டே, தோலை உரிச்சிடுவேன். உங்கம்மா எத்தனை வருஷமா ஊத்துறா, ஒரு ஆட்டுக்கு ஒரு கீறல் உண்டா? அந்தக் கையைப் பார்த்துக் கத்துக்கோ.”

பம்ப்பை அம்மாவிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை, மருந்து ஊற்றாமல் மிச்சமிருந்த ஆடுகளின் முறை. வாலு பம்ப்பைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள, முதலாளி கொட்டகை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்தாள். அப்படியும் இரும்பு மூக்கு ஆட்டின் பல்லில் டக்டக்கென்று தட்டியது. நடுக்கம் வந்து சில மாதங்கள் ஆகின்றன. அவள் சட்டைப் பொத்தானைக்கூட இப்போது மகள்தான் போட்டுவிடுகிறாள்.

“அம்மா, சொல்லிடலாமா?” என்று வாலு கிசுகிசுத்தாள்.

“சொல்லிட்டு எங்கடி போய்ப் படுக்கிறது?”

அம்மா பம்ப்பைக் கீழே இறக்கினாள். மறுபடி தூக்கினாள். மறுபடி தட்டியது.

“அங்க என்ன குசுகுசுன்னு பேச்சு?” என்றார் முதலாளி.

“ஒண்ணுமில்லை சார்.”

வாலு, போன வாரம் பிடித்த மாதிரியே, ஆட்டின் தலையைப் பிடித்து வாயைத் திறந்து கொடுத்தாள்.