சிவப்பு வந்த சாயங்காலம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பச்சை முகத்துக்காரி ஒருத்தியின் கதை சொல்கிறேன். கையில் இருக்கிற காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஜலகண்டாபுரத்தில் நெசவுக்காரன் தீர்த்தகிரி வீட்டில், டிவிப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. மேட்டூர் மெக்கானிக் சின்னுசாமியின் கால்கள். முந்தாநாள் அணைந்துபோன பெட்டிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எண்பத்தாறில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் கலர் டிவி. தீர்த்தகிரியின் மச்சினன் குழந்தைவேல் நாமக்கல் லாரியில் டிரைவர். பம்பாயில் யாரோ கழித்துப்போட்ட பெட்டிகள் இரண்டை லாரியில் ஏற்றி வந்தான். இரண்டும் ஒரே அச்சு. ஒன்றை அக்காள் மாரக்காளுக்குக் கொடுத்தான், மற்றதைச் சேலத்தில் யாருக்கோ விற்றுவிட்டான்.

அந்தப் பெட்டியில் டெல்லிக்காரர்கள் எல்லோருக்கும் முகம் பச்சை. உதடு கருப்பு.

நாங்கள் அதைத் தப்பாகவே நினைக்கவில்லை. வேறு கலர் டிவியைப் பார்த்திருந்தால்தானே? அங்கே குளிர் ஜாஸ்தி, ரத்தம் உறைந்துபோய் அப்படித்தான் இருப்பார்கள் என்றாள் மாரக்காள். ஒரு வாய் சுக்குத்தண்ணி வைத்துக் கொடுக்க அந்த ஊரில் ஆளில்லையா என்று பக்கத்து வீட்டு அத்தாயி தினமும் அங்கலாய்த்தாள்.

அந்தப் பச்சை முகங்களில், நிகழ்ச்சிகளை அறிவிக்கிற அம்மா ஒருத்தி. ஒருநாள் அவள் கட்டிவந்த சேலை மயில்கழுத்தும் இல்லை, பாசியும் இல்லை. முகத்துக்குத் தோதாக நடுவில் ஒரு நிறம். கரையில் வரிசையாக மாங்காய்.

அந்த வாரமே சேலத்து ஜவுளி முதலாளி செங்கோடன் நூலோடு வந்து இறங்கினார். டிவியில் வருகிற அம்மாவின் மாங்காய்க்கரைச் சேலை, அதே நிறத்தில், தீபாவளிக்கு வேண்டும். நிறம் பிசகினால் இனிமேல் இந்தத் தறிக்கு நூலே கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தீர்த்தகிரி சாயத்தொட்டியிலேயே குடியிருந்தான். முழங்கை வரைக்கும் அவனும் டெல்லிக்காரன் ஆனான்.

முதலாளி சரக்குப் பார்க்க வருகிற சாயங்காலம் அது. நெய்து முடித்த சேலைகள் கட்டிலில் அடுக்கியிருந்தன.

பெட்டி ஒரு முனகு முனகி வெளிச்சமாயிற்று. நிகழ்ச்சி தொடங்குமுன் வருமே, சாயநூலைக் காயப்போட்ட மாதிரி பட்டை பட்டையாக, அது வந்தது. பிழைத்துக்கொண்டது என்று எல்லோரும் மூச்சு விட்டோம்.

சின்னுசாமி அத்தோடு எழுந்திருக்கலாம். நல்ல பிள்ளை, எழவில்லை. உள்ளே ஒரு பற்றவைப்பு விட்டுப்போய் இத்தனை நாளும் சிவப்பே வராமல் இருந்திருக்கிறது, காசு வேண்டாம், இதையும் சரிசெய்துவிடுகிறேன் என்றான்.

கருப்பாக நின்ற பட்டை சிவந்தது.

பட்டைகள் போய் அந்த அம்மா வந்தாள். சிவந்த உதடு. நெற்றியில் குங்குமம். நம்மைப் போல ஒரு மனுஷி.

அதே மாங்காய்க்கரை. சேலை மட்டும் தாமரைப்பூ நிறம்.

தீர்த்தகிரி தன் கைகளைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தெருமுனையில் முதலாளியின் கார் ஹாரன் கேட்டது.

மாரக்காள்தான் முதலில் தேறினாள். பெட்டிக்குப் பின்னால் குனிந்து கெஞ்சினாள்.

“ஏஞ்சாமி, அந்தச் செவப்ப மறுபடியும் எடுத்துரு சாமி. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

சின்னுசாமிக்கு அழுகை வராத குறை. பழுது பார்க்கத்தான் கற்றுக்கொண்டேன், பழுதாக்க யாரும் கற்றுத்தரவில்லை என்றான். பற்றவைக்கிற கம்பிக்குப் பிரிக்கவும் தெரியும் என்று, சூடாக இருந்த கம்பியை அவன் கையில் திணித்தாள் மாரக்காள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபோது, டெல்லி மறுபடியும் பச்சையாயிற்று.

முதலாளி உட்கார்ந்து காபி குடித்தார். பச்சை மனிதர்கள் இந்தியில் வெள்ளாமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனதும் அந்த அம்மா மறுபடியும் வந்தாள்.

தீர்த்தகிரி ஒரு சேலையை விரித்துப் பிடித்தான்.

முதலாளி சேலையைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுந்து பெட்டியருகே போய், அந்த அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

மாரக்காள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“சேல அச்சு அசலா அதேதான் தீர்த்தகிரி. உம்பட பொட்டியிலதான் ஏதோ கோளாறு. எங்கூட்டுல இந்தம்மா இன்னுங் கொஞ்சம் பச்சையா இருக்கும்.”

உங்க வீட்டுப் பெட்டியும் நாமக்கல் லாரியில் வந்ததுங்களா என்று டிவிக்குப் பின்னாலிருந்து சின்னுசாமியின் குரல் மட்டும் வந்தது. ஆமாம் என்றார் முதலாளி. ஒருநாள் சேலம் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போய், இதையும் அதே மாதிரி சரிசெய்து கொடு என்றார்.

சரிங்க என்றான் சின்னுசாமி.

உங்கள் வீடுகளில் எந்த நிறமும் குறையாமல் விளங்கட்டும், கண்ணுகளா. அப்படியே ஒன்று குறைந்துபோனாலும், அதே நிறம் குறைந்த வீட்டுக்காரரே உங்கள் வாசலுக்கு விருந்தாளியாக வரட்டும்.