மாத்திரை டப்பாவின் வழக்கம்

சிவக்கொழுந்து ஐயாவின் மாத்திரை டப்பாவுக்குள் அன்றுதான் வந்து விழுந்தது கேஸ் மாத்திரை. வந்ததும் வராததுமாக, "ஐயாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று வலி மாத்திரையைக் கேட்டது.

"நான் போய் வயித்தை எரிய வச்சிட்டேன். அதை அணைக்கத்தான் நீ."

"உங்களை எதுக்கு அண்ணே கூப்பிட்டாங்க?"

"இந்த நீர் மாத்திரை கால் கட்டைவிரல்ல வலியைக் கிளப்பிடுச்சு."

நீர் மாத்திரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பிரஷர் மாத்திரை காலை வீங்க வச்சதாலதானே அந்த நீரை வடிக்க நான் வந்தேன்!"

பிரஷர் மாத்திரை நிமிர்ந்து உட்கார்ந்தது. "நிஜ வியாதிக்கு வந்தவன் நான் ஒருத்தன்தான்."

அந்த நேரம் பார்த்து இன்னொரு பிரஷர் மாத்திரை வந்து விழுந்தது. "வலி மாத்திரை யாருப்பா? பிரஷரை ஏத்திவிட்டியாமே? ஒத்தை ஆள் போதலைன்னு என்னையும் அனுப்பிட்டாங்க."

கேஸ் மாத்திரைக்கு டப்பாவின் வழக்கம் பிடிபட்டுவிட்டது. "அப்ப நான் யாரைக் கூட்டிட்டு வரணும் அண்ணே?" என்று பணிவாகக் கேட்டது.