தலை நனைக்கும் நாள்

ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் தயாராக இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பேரன் தன் தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலையை நனைக்க வருகிறேன் என்று எழுதிய தகப்பனைத்தான் காணவில்லை.

மாதா கோயில் வாசலில் சகாயநாதன் விறைப்பாக நின்றார். மதராஸ் பஸ் ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. இப்போது மணி பதினொன்று. உள்ளே நாற்பது உறவினர்கள் விசிறிக்கொண்டிருக்க, சாமியார் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னொரு வாட்டி அந்தக் காயிதத்தப் பாருங்களேன்" என்றாள் மனைவி சூசைமேரி.

"பாக்க என்ன கெடக்கு?"

மதராஸில் வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அருளப்பன், இந்தத் தடவை இங்கிலீஷில் எழுதியிருந்தான். 'ஞாயிறன்று நான்கு நண்பர்களோடு வருகிறேன். குழந்தையின் தலையை நனைக்க வேண்டும். இங்கே அதற்கு வழியில்லை. உங்கள் ஊரில்தான் முடியும்.'

சகாயநாதன் பிரெஞ்சுக்காரன் கோர்ட்டில் முப்பது வருஷம் எழுதியவர். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி மூன்று வருஷமாகியும் அவருக்கு இங்கிலீஷ் பிடிபடவில்லை. "எதிர்வீட்டு வாத்தியார்கிட்ட காட்டலாம்பா" என்று கடிதம் வந்த அன்றே சொன்னாள் மகள் ஆனந்தமேரி.

"நம்ம வூட்டுக் காயிதத்தத் தெருவுல குடுத்துப் படிக்கிறதா?" என்று அவளை அடக்கிவிட்டு, அகராதியைப் புரட்டிச் சொல் சொல்லாகத் தாமே படித்தார்.

நாள் குறிக்க இவன் யார் என்று கோபம் வந்தது. ஆனால் கடைசி வரி அவரைக் குளிரவைத்தது. நாலு தலைமுறையாக இந்தக் குடும்பம் நனைந்த தொட்டி இது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கிறதே. மூன்றே நாளில் ஞானத்தகப்பன் முதல் சர்க்கரை பூசிய பாதாம்வரை எல்லாம் ஏற்பாடு செய்தார்.

பதினொன்றேகாலுக்கு இரண்டு ரிக்‌ஷா வந்து நின்றன. அருளப்பனும் நண்பர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"வூட்டுல யாருமில்ல. இங்க இருக்கீங்கன்னாங்க. என்ன மாமா விசேஷம்?"

"என்ன விசேஷமா? தலைய நனைக்கத்தான் மாப்ள, ரெண்டு மணி நேரமா காத்துக் கெடக்கறோம்."

அருளப்பன் நெளிந்தான். "அது ஆயிடுச்சே மாமா. பஸ்ஸ வுட்டு எறங்குனதும் மொத வேலையா அதத்தான் முடிச்சோம்."

எந்தக் கோயிலில்? யாரைக் கேட்டு? சகாயநாதன் திரும்பிப் பார்த்தார். பேரனின் தலைமுடி உலர்ந்துதான் இருந்தது.

"கொழந்த இங்க இருக்குது. நீங்க யார் தலைய நனைச்சீங்க?"

"பெரியவங்களுக்கு நேரா எழுதக் கூச்சமா இருந்துச்சி மாமா. அதான் இங்கிலீஷ்ல..." அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

பின்னால் நின்ற நண்பன் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"மதராஸ்லதான் மதுவிலக்காச்சே. புள்ள பொறந்த சந்தோசத்துக்கு வெள்ளக்காரன் குடிப்பான் பாருங்க, அதுக்குப் பேருதான் மாமா தலைய நனைக்கிறது."